'சட்னி மட்டும் நன்றாக இருந்தது': வாடிக்கையாளர் கருத்தில் ஓர் இடைச்சொல் பாடம்

டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் நாள். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாள் அது. எங்கள் பள்ளியின் குடிமக்கள் நுகர்வோர் மன்றத்துக்கு நான்தான் பொறுப்பாசிரியர். ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி உறுதிமொழி, ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி என்று ஏதாவது ஒன்றை நடத்துவோம். சென்ற ஆண்டு அதே வாரத்தில் 9ஆம் வகுப்புக்கு இடைச்சொல் பாடமும் வந்து சேர்ந்தது. இரண்டையும் சேர்த்து நடத்தினால் ஒரு பாடவேளை மிச்சமாகும் என்ற எண்ணத்தில்தான் இதைத் தொடங்கினேன். அந்தப் பாடவேளை எனக்கே ஒரு பாடமாக முடிந்தது. அதைத்தான் ஆசிரியர்களாகிய உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் பள்ளி மயிலாப்பூரில் இருக்கிறது. மந்தைவெளி, அடையாறு, தியாகராய நகர் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பலருடைய வீட்டில் யாராவது ஒருவர் கடையில் வேலை பார்க்கிறார். ஒருத்தியின் அக்கா ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக் கடையில் சேலை எடுத்துக் காட்டுகிறார். இன்னொருத்தியின் அப்பா மாட வீதியில் பூ விற்கிறார். அதனால் வீட்டுப்பாடம் எளிதாக இருந்தது. "வாடிக்கையாளர் சொன்ன 5 கருத்துகளை எழுதி வாருங்கள். கடையின் பெயர் வேண்டாம், சொன்னவர் பெயரும் வேண்டாம். அவர் சொன்ன சொற்கள் மாறாமல் வேண்டும்" என்றேன்.

மறுநாள் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் நிறை, மறுபக்கம் குறை. உணவகக் கருத்துப் புத்தகத்தில் இருந்தவை, கைப்பேசியில் கடைகளுக்கு நட்சத்திரம் கொடுத்து எழுதியவை, கல்லாவில் நின்று காதால் கேட்டவை எல்லாம் வந்தன. பிள்ளைகள் படிக்கப் படிக்க நான் எழுதிக்கொண்டே போனேன். 'நல்ல', 'அருமை', 'சூப்பர்' என்று வந்தால் நிறை. 'மோசம்', 'இல்லை', 'வேண்டாம்' என்று வந்தால் குறை. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன்.

"சட்னி மட்டும் நன்றாக இருந்தது" என்று ஒரு மாணவி படித்தாள். ஒரு சிறிய டிபன் கடையைப் பற்றிக் கைப்பேசியில் யாரோ எழுதியிருந்த கருத்து. 'நன்றாக' என்ற சொல் இருந்ததால் நிறை என்ற பக்கத்தில் எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து நின்றான்.

"மிஸ், அது நிறை இல்லை மிஸ்."

"ஏன்பா?"

"அது எங்க அம்மா கடைக்கு வந்தது. அதைப் படிச்சிட்டு அம்மா ரொம்ப நேரம் போனையே பார்த்துட்டு இருந்தாங்க."

வகுப்பு அமைதியாகிவிட்டது. கருத்தைப் படித்த மாணவிக்கு அது யாருடைய கடை என்று தெரியாது. எனக்கும் தெரியாது. கடையின் பெயரைச் சொல்லக் கூடாது என்று கட்டளையிட்டவள், கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பதை மறந்துவிட்டேன். அந்தக் கருத்தைப் பலகையில் வைத்திருக்கலாமா, அழித்துவிடலாமா என்று அவனையே கேட்டேன். "இருக்கட்டும் மிஸ், ஏன் அது குறைன்னு சொல்லுங்க" என்றான். அன்றைய பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

சொல்லப்படாத இட்லி

பலகையின் ஓரத்தில் ஒரே வாக்கியத்தை 6 விதமாக எழுதினேன்.

1. சட்னி நன்றாக இருந்தது.
2. சட்னியும் நன்றாக இருந்தது.
3. சட்னிகூட நன்றாக இருந்தது.
4. சட்னிதான் நன்றாக இருந்தது.
5. சட்னி மட்டும் நன்றாக இருந்தது.
6. சட்னியாவது நன்றாக இருந்தது.

ஆறிலும் 'நன்றாக இருந்தது' என்பது அப்படியே இருக்கிறது. ஆறிலும் சட்னியைப் பற்றி ஒரே செய்திதான். "சரி, இட்லி எப்படி இருந்தது?" என்று கேட்டேன். இட்லி என்ற சொல் எந்த வாக்கியத்திலும் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் தயங்காமல் பதில் சொன்னார்கள். முதல் வாக்கியத்தில் இட்லியைப் பற்றித் தெரியாது. இரண்டாவதில் இட்லியும் நன்று. மூன்றாவதில் எல்லாமே நன்று, எதிர்பார்க்காத சட்னிவரை. நான்காவதில் கொஞ்சம் சந்தேகம். சொல்கிற குரலைப் பொறுத்தது என்றார்கள். ஐந்தாவதில் இட்லி நன்றாக இல்லை. ஆறாவதில் இட்லி நன்றாக இல்லை, சாப்பிட்டவர் வெறுத்தும் போயிருக்கிறார்.

இடைச்சொல் தனித்து நின்று பொருள் தராது, பெயரையோ வினையையோ சார்ந்து வரும் என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். தனித்துப் பொருள் தராத அந்தச் சிறு சொல், வாக்கியத்திலேயே இல்லாத ஒரு பொருளின் மீது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது என்பது அன்று அவர்களுக்குக் கண்முன்னே தெரிந்தது.

'மட்டும்' வரையறைப் பொருள் தரும் என்பது பாடநூலில் இருக்கிறது. எல்லையைக் கட்டினால் எல்லைக்கு வெளியே நிற்பது எது என்ற கேள்வி தானாக எழும். 'உம்' என்பதற்கு எச்சப் பொருள் உண்டு. சொல்லாத ஒன்றையும் தழுவிக்கொள்ளும். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் ஏகாரத்துக்கு 6 பொருள்களும், ஓகாரத்துக்கும் உம்மைக்கும் எட்டெட்டுப் பொருள்களும் சொல்கிறது. அவற்றில் ஓகாரத்தின் 'ஒழியிசை' என்ற பொருளைக் கேட்டதும் பிள்ளைகள் முழித்தார்கள். "சாப்பிடவோ போனோம்?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால் என்ன பொருள் என்றேன். "காத்துக் கிடக்கப் போனோம்னு அர்த்தம் மிஸ்" என்று உடனே பதில் வந்தது. சொல்லாமல் ஒழிந்து நிற்கும் பொருளை அந்த ஓகாரம் இசைக்கிறது. இலக்கணம் பழையதாக இருக்கலாம், அது விளக்கும் பேச்சு நேற்று மாலை உணவகத்தில் கேட்டது.

'இல்லை' என்பதெல்லாம் குறை இல்லை

அடுத்து, குறை என்ற பக்கத்தில் நான் எழுதியவற்றைப் பிள்ளைகள் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

'குறை சொல்ல எதுவும் இல்லை.' இது பாராட்டு. 'இந்த விலைக்கு இப்படி ஒரு தோசை எங்கேயும் கிடைக்காது.' எதிர்மறை வினைமுற்றில் முடிகிறது, ஆனால் பெரிய பாராட்டு. 'அருமையான கவனிப்பு! ஒரு காபிக்கு முக்கால் மணி நேரம்.' அருமை என்ற சொல்லை நம்பி நிறை என்ற பக்கத்தில் எழுதியிருந்தேன். அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

'பரவாயில்லை' என்ற சொல்லில்தான் பெரிய விவாதம். சுமார்தான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். "எங்க தாத்தா பரவாயில்லைன்னு சொன்னா, ரொம்ப நல்லா இருக்குன்னு அர்த்தம் மிஸ். அதுக்கு மேல அவர் யாரையும் பாராட்டினதே இல்லை" என்றாள் ஒரு மாணவி. சொல் மட்டும் போதாது, சொல்பவரும் வேண்டும் என்று பலகையில் எழுதிவைத்தோம்.

கணினிக்கும் இதே சிக்கல் உண்டு. 2020இல் பாரதி ராஜா சக்கரவர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதப்பட்ட 15,744 யூடியூப் கருத்துகளைத் தொகுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள உணர்வை மனிதர்களைக் கொண்டு குறிக்கச் செய்தார்கள். கணினிக்குத் தமிழரின் விருப்பு வெறுப்பைக் கற்பிக்கும் முயற்சி அது. நேர்மறை, எதிர்மறை என்ற இரண்டு பிரிவுகள் அவர்களுக்குப் போதவில்லை. கலந்த உணர்வு என்று ஒன்றும், எதுவென்று தெரியாதது என்று ஒன்றும், வேற்றுமொழி என்று ஒன்றுமாக 5 பிரிவுகள் தேவைப்பட்டன. எங்கள் பலகையிலும் நடுக்கோட்டின் மேலேயே சில கருத்துகளை எழுத வேண்டி வந்தது.

வாக்கியம் எங்கே முடிகிறது?

ஜவுளிக் கடையில் வேலை செய்பவரின் தங்கை கொண்டுவந்த கருத்து: 'துணி தரமானது. ஆனால் விலை அதிகம்.' இதையே திருப்பிப் போட்டோம்: 'விலை அதிகம். ஆனால் துணி தரமானது.' செய்தி இரண்டும் ஒன்றுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எந்தக் கருத்தைப் படித்தால் அந்தக் கடைக்குப் போவீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலான கைகள் இரண்டாவதற்கே உயர்ந்தன. 'ஆனால்' என்பதற்குப் பின்னால் வருவதுதான் மனத்தில் தங்குகிறது.

தமிழ் இன்னொரு வழியும் தருகிறது: 'விலை அதிகமாக இருந்தாலும் துணி தரமானது.' இங்கே குறை எச்சத்தில் போய்விட்டது. நிறை பயனிலையில் நிற்கிறது. நம் மொழியில் வாக்கியத்தின் முடிவுதான் அதன் முகம். 'இந்தக் கடைக்கு மறுபடியும் வர' என்பதுவரை படித்தவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து வருவது 'வேண்டும்' என்றால் ஒரு கதை, 'வேண்டாம்' என்றால் வேறு கதை. எச்சம், முற்று என்று இலக்கணத்தில் பிரித்துக் காட்டும்போது இந்த எடை வேறுபாட்டையும் ஒரு நிமிடம் காட்டலாம்.

சுவைக்காதவருக்கே சொல் பெரிது

அளவிலும் இப்படித்தான். அமெரிக்க ஆய்வாளர்கள் இர்வின் லெவின், கேரி கேத் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று நுகர்வோர் பற்றிய பாடங்களில் அடிக்கடி பேசப்படுவது. அரைத்த மாட்டிறைச்சியைச் சிலரிடம் '75 விழுக்காடு கொழுப்பற்றது' என்றும், வேறு சிலரிடம் '25 விழுக்காடு கொழுப்பு' என்றும் சொன்னார்கள். இரண்டும் ஒரே இறைச்சிதான். ஆனால் 'கொழுப்பற்றது' என்று கேட்டவர்கள் அதை உயர்வாக மதிப்பிட்டார்கள். பின்னர் சுவைத்துப் பார்த்தவர்களிடம் இந்த வேறுபாடு குறைந்துவிட்டது.

கணித ஆசிரியரின் உதவியோடு இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தோம். '10 பேரில் 9 பேருக்குச் சாப்பாடு நேரத்தில் வந்தது', '10 பேரில் ஒருவருக்குச் சாப்பாடு தாமதம்.' பின்னத்தில் இரண்டும் ஒன்றே. கேட்கும் காதுக்கு ஒன்றாக இல்லை.

அந்த ஆய்வின் கடைசிப் பகுதிதான் என்னை யோசிக்க வைத்தது. சுவைத்தவருக்கு நாக்கு இருக்கிறது. சொல்லின் பிடி தளர்ந்துவிடுகிறது. இன்னும் சுவைக்காதவருக்குச் சொல் ஒன்றுதான் துணை. கடையைப் பற்றிய கருத்தைப் படிப்பவர் பெரும்பாலும் அங்கே இன்னும் சாப்பிடாதவர். அதனால்தான் ஒரு 'மட்டும்' ஒரு சிறு கடைக்குப் பெரிய பாரமாகிறது.

குறையை வாக்கியமாகச் சொல்வது

அப்படியானால் எல்லாவற்றையும் இனிப்பாகச் சொல்லிவிட வேண்டுமா? இந்தக் கேள்வியை ஒரு மாணவன் கேட்டான். நம் மரபில் அதற்கும் இடம் இருக்கிறது. தகுதி வழக்கில் மங்கலம் என்று படிக்கிறோம். விளக்கை அணை என்பதை விளக்கைக் குளிரவை என்கிறோம். கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்கிறோம். கேட்பவர் மனம் நோகாமல் பேச அது நல்ல வழி. ஆனால் பெயரை மாற்றியதால் ஆட்டின் நிறம் மாறிவிடவில்லை. இட்லி கல்லாக இருந்தால் அதை அறியும் உரிமை கடைக்காரருக்கும் உண்டு, அடுத்து வருபவருக்கும் உண்டு. குறையை மறைக்கச் சொல்லிக்கொடுத்தால் நுகர்வோர் மன்றம் எதற்கு?

"சட்னி மட்டும் நன்றாக இருந்தது" என்பதைத் திருத்தி எழுதுமாறு எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு நிபந்தனைகள்: பொய் சொல்லக் கூடாது; இடைச்சொல்லில் குறையை ஒளித்து வைக்கக் கூடாது. பல பதில்கள் வந்தன. வகுப்பு தேர்ந்தெடுத்தது இது: 'சட்னி நன்றாக இருந்தது. இட்லி கெட்டியாக இருந்தது. இட்லி மென்மையாக இருந்தால் மீண்டும் வருவேன்.'

அந்த மாணவன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இப்படி எழுதியிருந்தா அம்மாவுக்கு என்ன பண்ணணும்னு தெரிஞ்சிருக்கும் மிஸ். அவங்க அன்னைக்கு மாவு சரியில்லையா, ஆறிப்போச்சா, விலையான்னு கேட்டுட்டே இருந்தாங்க."

அவன் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் சாரம் என்று நினைக்கிறேன். 'மட்டும்' மனத்தைப் புண்படுத்துகிறது என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அது செய்தியையும் தருவதில்லை. குறை இருக்கிறது என்று சொல்கிறது. என்ன குறை என்று சொல்வதில்லை. திருத்திய கருத்தில் குறை அதிக வெளிச்சமாக இருக்கிறது. ஆனாலும் அது குறைவாகவே வலிக்கிறது.

என் சிவப்பு மை

அன்று மாலை திருத்துவதற்காகக் கட்டுரை நோட்டுகளை எடுத்தேன். பழைய பக்கங்களைப் புரட்டியபோது என் கையெழுத்தே என்னைப் பார்த்தது. ஒரு மாணவியின் நோட்டில்: 'கையெழுத்து மட்டும் நன்று.' இன்னொன்றில்: 'இந்த முறையாவது முடித்தாயே.' அந்த மாணவனின் நோட்டைத் தேடி எடுத்தேன். 'இன்னும் பத்திகூடப் பிரிக்கத் தெரியவில்லை' என்று ஆகஸ்டு மாதத்தில் எழுதியிருக்கிறேன்.

'இன்னும்' என்பது இத்தனை நாள் கற்றும் என்கிறது. 'கூட' என்பது இது மிக எளிய வேலை என்கிறது. பத்தியை எங்கே பிரிப்பது என்று அந்த வரி சொல்லவில்லை. அவன் அம்மா இந்த நோட்டில் கையொப்பம் இட்டிருக்கிறார். அவர் என் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. பையன் வகுப்பில் எப்படி யோசிக்கிறான், எப்படிக் கேள்வி கேட்கிறான் என்று பார்த்ததில்லை. சுவைக்காதவருக்குச் சொல் ஒன்றுதான் துணை என்று அன்று காலைதான் பாடம் நடத்தியிருந்தேன்.

அந்த வரிக்குக் கீழே தேதியிட்டு எழுதினேன்: 'கருத்துகள் தெளிவாக உள்ளன. 2ஆம் பக்கத்தில் திருவிழாவின் காலை, மாலை இரண்டும் ஒரே பத்தியில் வந்துள்ளன. மாலைக்குப் புதிய பத்தி தொடங்கு.' முன்பு எழுதியதை அடிக்கவில்லை. இரண்டையும் அவன் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வகுப்பில்

தொடக்க வகுப்புகளில் இலக்கணப் பெயர்கள் வேண்டாம். 'லட்டு இனித்தது' என்று ஓர் அட்டை. 'உம்', 'மட்டும்', 'கூட' என்று மூன்று சிறு அட்டைகள். ஒவ்வொன்றாகச் சேர்த்துப் படித்து, 'முறுக்கு எப்படி இருந்தது?' என்று கேளுங்கள். 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கண்டுபிடிப்பார்கள்.

6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் 'ஆனால்' என்பதன் இருபுறத்தையும் மாற்றிப் போடும் பயிற்சி பொருந்தும். மங்கலம், இடக்கரடக்கல் பாடங்களோடும் இதை இணைக்கலாம். கணித ஆசிரியர் விழுக்காட்டுப் பாடத்தில் ஒரே அளவை இரண்டு விதமாகச் சொல்ல வைக்கலாம்.

9, 10ஆம் வகுப்புகளில் உண்மையான கருத்துகளைக் கொண்டுவரச் சொல்லலாம். நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். வகுப்பில் யார் வீட்டில் கடை இருக்கிறது என்று முன்பே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். கருத்துகளை முதல் நாளே வாங்கிப் படித்துவிடுங்கள். மாணவர்கள் திருத்தி எழுதியவை நோட்டோடு இருக்கட்டும், கைப்பேசியில் பதிய வேண்டாம்.

நமக்கும் ஒரு பயிற்சி உண்டு. நோட்டிலோ மதிப்பெண் அட்டையிலோ கருத்து எழுதியபின் 'மட்டும்', 'கூட', 'ஆவது', 'இன்னும்' ஆகிய நான்கு சொற்களைத் தேடிப் பாருங்கள். அகப்பட்டால், அந்தச் சொல்லுக்குள் எந்தக் குறையை வைத்தோம் என்று யோசித்து, அதைத் தனி வாக்கியமாக வெளியே எழுதுங்கள். நான் இப்போது இதைச் செய்துவருகிறேன். நேரம் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகிறது.

அடுத்த வாரம் அந்த மாணவன் வந்து ஒரு செய்தி சொன்னான். அம்மாவோடு உட்கார்ந்து அந்தக் கருத்துக்குப் பதில் எழுதினானாம்: 'சட்னி பிடித்ததில் மகிழ்ச்சி. இட்லியில் என்ன குறை என்று சொன்னால் சரிசெய்கிறோம்.' பதில் வந்ததா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றான். போகும்போது தன் கட்டுரை நோட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். 2ஆம் பக்கத்தைத் திரும்ப எழுதியிருந்தான். மாலை, புதிய பத்தியில் தொடங்கியிருந்தது.